தலையணை உறைக்குள் ஓர் இறுதி ஆட்டம்

“இன்னைக்குக் கோப்பையை நான்தான் ஜெயிச்சுக் குடுக்கப்போறேன். மட்டையைத் தொடமாட்டேன், பந்தைத் தொடமாட்டேன், உட்கார்ந்த இடத்தைவிட்டு அரையடி நகரமாட்டேன். ஜெயிச்சு முடிச்சுட்டு வந்து உங்ககிட்ட பேசிக்கிறேன்!”

லாண்டரிக்கடைக்காரர் இப்படிச் சவால் விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் இஸ்திரிப்பெட்டியோடு. எதிரே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர்: கல்லாவில் மனைவி, முக்காலியில் மனைவியின் தம்பி, மூலையில் துணி துவைக்கும் இயந்திரம். மூன்றில் இயந்திரம் மட்டும்தான் கொஞ்சமாவது அதிர்ந்தது.

ஊரில் அவருக்குச் சங்கு என்று பெயர். மில்லில் ஊதும் சங்கு அவர் தொண்டைக்கு முன்னால் காதோடு பேசும் ரகசியம். ஒருமுறை மைதானத்தில் உட்கார்ந்து அவர் அவுட் கேட்டுக் கூவியதில், மூன்று தெரு தள்ளிச் சாலையில் நின்ற போக்குவரத்துக் காவலர் தன்னையறியாமல் விரலை உயர்த்தி ஒரு லாரிக்கு அவுட் கொடுத்துவிட்டாராம். லாரி டிரைவரும் மறுபேச்சு பேசாமல் இறங்கித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்துபோனாராம். இதைச் சொன்னவர் சங்குதான் என்பதால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். மீதிப் பாதியே போதும்.

மச்சினர் வேறு வார்ப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்குக்குப் பொறுப்பாளர். போர்வை, தலையணை உறை, டாக்டர் கோட்டு எல்லாம் அவர் கண் பட்டுத்தான் உள்ளே போகும், வெளியே வரும். காலண்டரில் ஞாயிறு என்று போட்டிருந்தால்கூட வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். பிறந்தது முதல் அவர் வாயிலிருந்து ஒரு பொய்யோ ஒரு மிகையோ வந்ததில்லை என்பது அவர் அக்காவின் பெருமை. கிரிக்கெட் என்றால் மட்டும் அவருக்குப் பாகற்காயாய்க் கசக்கும்.

“மாமா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்” என்றார் மச்சினர். “நீங்க போகலைன்னா அவன் அடிக்கிற பந்து பவுண்டரிக்குப் போகாதா?”

“போகும் மச்சான். ஆனா மெதுவாப் போகும்.”

“கேட்டியாக்கா?”

அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் அலைமோதும். திங்கட்கிழமைக்குச் சட்டை வேண்டும் என்று ஊரே வந்து நிற்கும். அன்றைக்குப் பார்த்துத்தான் இந்த மனிதர் வேனை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் பறந்துவிடுவார். துணியைத் தேடுவது, திட்டு வாங்குவது, பித்தான் போன கதையைக் கேட்பது எல்லாம் அவள் தலையில்.

அவள் பில் புத்தகத்தை மூடினாள். “இன்னைக்கு ஒரு நாள் போங்க. நீங்க போனதால அங்க ஒரு துரும்பாவது அசைஞ்சுதுன்னு என் தம்பி வாயால சொல்லட்டும், ஆயுசு பூரா போங்க. நான் வாயே திறக்கமாட்டேன். சொல்லலையா, அடுத்த ஞாயித்துக்கிழமைலேர்ந்து கல்லாவுல நீங்க. நான் வீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கிறேன்.”

“அவன் எங்க மைதானத்துப் பக்கம் வரப்போறான்?”

“அது உங்க பாடு.”

“நான் வரமாட்டேன்க்கா” என்றார் மச்சினர் எழுந்தபடி. “எனக்கு ஸ்டோர்ல வேலை இருக்கு. மாமா, கோட்டும் தலையணை உறையும் இருட்டுறதுக்குள்ள வந்துரணும். நாளைக்குக் காலைல டாக்டருங்க மாட்டிக்கணும்.”

சங்குக்கு உள்ளே சுருக்கென்றது. பார்க்கவே வராத ஆள் சாட்சி சொன்னால்தான் ஞாயிற்றுக்கிழமை தப்பும். கதவைச் சாத்திவிட்டு ‘உள்ளே வாங்க’ என்று கூப்பிடுகிற கணக்காக இருந்தது. அதற்காகச் சவாலைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? சொன்னது சொன்னதுதான். இஸ்திரி முடித்த நாற்பது சொச்சம் வெள்ளைக் கோட்டுகளை வேனில் தொங்கவிட்டார், தலையணை உறைகளைக் கட்டாக ஏற்றினார், ஆஸ்பத்திரி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மைதானத்துக்கு வண்டியைத் திருப்பினார்.

பஸ் டிப்போ அணி இறுதி ஆட்டத்துக்கு வந்ததே உலக அதிசயம். வென்றதே கிடையாது. கோப்பை எப்படி இருக்கும் என்று கேட்டால் டிப்போக்காரர்கள் பத்திரிகைப் படத்தைத்தான் காட்டுவார்கள். எதிரணி வங்கி. போன வருஷமும் கோப்பை அவர்களுக்குத்தான். அதற்கு முந்தைய வருஷமும் அவர்களுக்குத்தான். அவர்களிடம் எக்ஸ்பிரஸ் என்று ஒரு வேகப்பந்துக்காரர் இருந்தார். வங்கியில் கேஷியர். கவுன்ட்டரில் ஆமை, மைதானத்தில் புயல். அவர் ஓடிவரத் தொடங்கும் இடத்துக்கும் பந்தை விடும் இடத்துக்கும் நடுவில் ஒரு பஸ் ஸ்டாப் வைக்கலாம் என்பார்கள்.

நடுவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எக்ஸ்பிரஸ்களை நிறுத்தி வைப்பது அவருக்குப் பழகிப்போன வேலை.

பார்வையாளர் படிக்கட்டில் சங்கு தன் வழக்கமான இடத்தில் அமர்ந்தார். சைட் ஸ்கிரீனுக்குப் பக்கத்து வரிசை அது. பந்து வீசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வெள்ளைத் திரைதான் சைட் ஸ்கிரீன். வெள்ளைப் பின்னணி இருந்தால்தான் எதிரே மட்டை பிடிக்கிறவருக்குச் சிவப்புப் பந்து கண்ணில் படும். இந்த மைதானத்தில் அந்தத் திரைக்கு நேர் பின்னால் இருந்த படிகளில் ஈ காக்கை உட்காராது, ஏனென்றால் அங்கிருந்து ஒன்றும் தெரியாது. அதற்கும் பின்னால் டிப்போவின் நீளச் சுவர். பந்தின் நிறத்திலேயே செக்கச்சிவந்த செங்கல்.

பொழுது சாயும் நேரத்தில் டிப்போ அணி ஒன்பது விக்கெட்டை இழந்து தத்தளித்தது. மிச்சம் ஐந்து ஓவர், வேண்டியது முப்பத்துச் சொச்சம் ரன். களத்தில் நின்றவர் டிக்கெட் பரிசோதகர். கூட்டமான பஸ்ஸில் தலைகளை எண்ணுகிற பொறுமையோடு ஒவ்வொரு பந்தையும் சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தார். மறுமுனையில் டயர் மெக்கானிக். அவர் மட்டையைக் கடப்பாரை பிடிக்கிற மாதிரிப் பிடிப்பார்.

அப்போது சங்கின் சட்டைப்பையில் போன் அடித்தது.

“மாமா, எங்க இருக்கீங்க?”

“வந்துக்கிட்டே இருக்கேன் மச்சான். டிராஃபிக்.”

“நோ பாலா இல்லையான்னு டிராஃபிக்ல எவன் சண்டை போடுறான்?”

“இங்க எல்லாரும் ஒரு மாதிரி டென்ஷனா இருக்காங்க. வெச்சுர்றேன்.”

போனை வைத்த வேகத்தில் காற்று வந்தது. சும்மா காற்று இல்லை. குடைகள் எல்லாம் கூட்டமாக ஊரைவிட்டுப் புறப்பட்டுப்போகிற காற்று. சைட் ஸ்கிரீன் ஒருமுறை முன்னால் குனிந்தது, ஒருமுறை பின்னால் நிமிர்ந்தது, பிறகு துணி நடுவில் டர்ரென்று கிழிய, சட்டத்தோடு குப்புற விழுந்தது. ஒரு சக்கரம் தனியாகக் கழன்று எல்லைக் கோட்டைத் தாண்டி உருண்டது. வங்கி ஆதரவாளர் ஒருவர் “ஃபோர்!” என்று கத்தினார்.

பரிசோதகர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவரிடம் போனார். “சார், பின்னாடி செங்கல், முன்னாடி பந்து. ரெண்டும் ஒரே கலர். எக்ஸ்பிரஸ் போடுற வேகத்துக்கு என் மூக்கு மேல வந்து உட்கார்ந்தப்புறம்தான் எனக்குத் தெரியும்.”

நடுவர் சுவரைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், பரிசோதகரின் மூக்கைப் பார்த்தார். மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பது நியாயமில்லை என்று அவருக்குப் பட்டது. “இப்ப தண்ணி குடிக்கிற இடைவேளை விடுறேன். அது முடியறதுக்குள்ள அந்தப் பக்கம் வெள்ளையா ஏதாவது நிக்கணும். இல்லைன்னா ஆட்டம் இதோட சரி.”

ஆட்டம் பாதியில் நின்றால் கோப்பை போன வருஷம் வென்றவர்களிடமே இருக்கும் என்பது விதி. வங்கி அணித் தலைவர் அவசரமே இல்லாமல் ஒரு மடக்குத் தண்ணீரை நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார்.

‘வெள்ளையா ஏதாவது’ என்ற சொல் படிக்கட்டு ஏறி வந்து சங்கின் காதில் விழுந்ததுதான் தாமதம், மனிதர் எழுந்தார். வெளியே நிற்கும் வேன் முழுக்க வெள்ளை! போர்வைகளாக இருந்திருந்தால் சுவரில் விரித்துக் கட்டியிருக்கலாம். அந்த ஆஸ்பத்திரிப் போர்வைகளோ பச்சை. ஆகவே கோட்டுகளைக் கொண்டுவந்து, கயிறு கட்டி, வரிசையாகத் தொங்கவிட்டார்கள். காற்று வந்து கோட்டுகளுக்குள் புகுந்தது. கைகள் எழும்பின, ஆடின, அழைத்தன.

பரிசோதகர் அங்கிருந்தே இரண்டு கையையும் ஆட்டினார். “சார், நாப்பது பேய் நின்னு வா வான்னு கூப்பிடுது! நான் போறதா, பந்தைப் பார்க்கறதா?”

“வெறும் கோட்டுன்னா பறக்கத்தான் செய்யும்” என்றார் சங்கு. “உள்ள ஆள் இருந்தா?”

யோசனை புரிந்த மறு நொடி படிக்கட்டு கொந்தளித்தது.

“நல்லாருக்கே! நான் மேட்ச் பார்க்க வந்தேன்யா, சுவரா நிக்கவா வந்தேன்?” என்றார் சலூன்காரர்.

“நிக்க வேணாம். உட்கார்ந்தாப் போதும். ஆனா கறுப்புத் தலை தெரியக்கூடாது, மூஞ்சி தெரியக்கூடாது. தலையணை உறையைக் கழுத்து வரைக்கும் மாட்டிக்கணும்.”

“அப்ப மேட்ச்சு?”

“தெரியாது.”

“யோவ், கடைசி அஞ்சு ஓவரு!”

சங்கு படியின் உச்சியில் ஏறி நின்றார். “இத்தனை வருஷமா கண்ணு பூத்துப்போகப் பார்த்தோமே, ஒரு தடவையாவது ஜெயிச்சானுங்களா? இன்னைக்குப் பார்க்காம இருந்துதான் பார்ப்போமே!”

சலூன்காரர் முதல் ஆளாகக் கோட்டை வாங்கினார். மார்பில் ‘அறுவை சிகிச்சை’ என்று நூலில் பின்னியிருந்தது. “சரியாத்தான் இருக்கு. நானும் கத்தி பிடிக்கிறவன்தானே” என்று மாட்டிக்கொண்டார். டிப்போ டிரைவர்கள் எலும்புப் பிரிவில் சேர்ந்தார்கள். கணக்கு வாத்தியாருக்குக் குழந்தைகள் பிரிவு கிடைத்தது. அவர் அதை வன்மையாக ஆட்சேபித்தார், வேறு அளவு இல்லை. கொஞ்ச நேரத்தில் காலியான படிகளில் மூன்று வரிசையாக ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து, தலையணை உறையைக் கவிழ்த்துக்கொண்டு, மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்தது.

நடுவர் தூரத்திலிருந்து ஒரு கண்ணைச் சாய்த்துப் பார்த்தார். பரிசோதகரும் பார்த்தார். வங்கி அணித் தலைவரும் பார்த்து வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். நடுவரின் கட்டைவிரல் உயர்ந்தது.

எக்ஸ்பிரஸ் இந்த முனையிலிருந்து வீசும் ஓவர்களுக்கு மட்டும்தான் சுவர் தேவை. எதிர்முனையிலிருந்து வீசும்போது உறையைத் தூக்கிவிட்டுப் பார்க்கலாம். முதலும் மூன்றும் ஐந்தும் இருட்டு. இரண்டும் நாலும் வெளிச்சம். கடைசி ஓவர் இருட்டில் விழுந்ததால் சங்கு விரல்விட்டு இன்னொருமுறை எண்ணிப் பார்த்தார், மாறவில்லை. இருந்தாலும் சுவருக்கு யாராவது நடப்பதைச் சொல்ல வேண்டுமே? அதற்குக் கடலைக்காரரை ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

அதுதான் அன்றைக்கு நடந்த ஒரே தவறு. கடலைக்காரர் இருபது வருஷமாக அந்த மைதானத்துக்கு வருகிறவர். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்கு முகத்தைக் காட்டித்தான் வியாபாரம். யார் வாய் பிளந்தால் சிக்ஸர், யார் தலையில் அடித்துக்கொண்டால் விக்கெட் என்று முகம் பார்த்தே ஸ்கோர் சொல்வார். இப்போது எல்லா முகமும் தலையணை உறைக்குள். மனிதர் வாழ்க்கையில் முதன்முறையாகத் திரும்பி ஆட்டத்தைப் பார்த்தார்.

“வராரு... ஓடி வராரு... இன்னும் ஓடி வராரு... எதுக்கு இவ்வளவு ஓடுறாரு? போட்டுட்டாரு! நம்ம ஆளு கட்டையைத் தூக்கினாரு... பந்தைக் காணோம்!”

“எங்க போச்சு?” என்றது சுவர்.

“அவர் கால்கிட்டயே கிடக்கு. கடலை வேணுமா சார்?”

அந்த ஓவர் பாதியில் இருந்தபோதுதான் மச்சினர் வந்து சேர்ந்தார். ஸ்கூட்டரை வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு கோட்டும் ஒரு உறையும் மட்டும் மிஞ்சிக் கிடக்கக் கண்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியேறினார். எதிரே அவருடைய துணிக்கிடங்கே வரிசை போட்டு உட்கார்ந்திருந்தது.

“மாமா! யாரு மாமா இவங்கள்லாம்? டேய், அது கண் டாக்டர் கோட்டுடா!”

கருநீலச் சட்டை போட்ட ஓர் ஆள் வெள்ளைச் சுவருக்கு நடுவில் நின்று கையை ஆட்டினால் என்ன ஆகும்? ஓடிவந்த எக்ஸ்பிரஸுக்கு நடுவர் கையைக் குறுக்கே நீட்டினார். ஆட்டம் நின்றது. மைதானம் மொத்தமும் எழுந்து ஒரே குரலில் அவர் பரம்பரையையே விசாரித்தது.

“உட்காருய்யா நீலச்சட்டை!”

“உங்க வீட்டுக் கல்யாணமா, குறுக்க நடக்க?”

சங்கு உறைக்குள்ளிருந்தே கையை நீட்டி மச்சினரைப் பிடித்து இழுத்தார். கடலைக்காரர் ஓடிப்போய் மிச்சமிருந்த கோட்டையும் உறையையும் கொண்டுவந்தார்.

“மாமா, இது சீஃப் டாக்டரோட கோட்டு!”

“இப்ப நீதான் சீஃப். மாட்டிக்கிட்டு உட்காரு. அசைஞ்சே, ஊரு உன்னைக் கொன்னுரும். எனக்கு ஒரே மச்சான்.”

மச்சினர் உறைக்குள் போனார். உள்ளே வெள்ளை வெளிச்சமும் கஞ்சி வாசனையும்தான். பக்கத்தில் மாமாவின் மூச்சு கேட்டது. மைதானத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

“எவ்வளவு நேரம் இப்படி?” என்றார் கடுப்பாக.

“ச்சூ.”

இன்னொரு சத்தம், இந்த முறை பெரியது.

“அது என்ன?”

“பேசாதே.”

“இல்ல, அது நல்ல சத்தமா, கெட்ட சத்தமா?”

ஓவர் முடிந்து “திற!” என்றார் கடலைக்காரர். உறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே போயின. மச்சினர் கோட்டைக் கழற்றி வாங்கத்தான் எழுந்தார். எழுந்தவர் கண்ணில், டயர் மெக்கானிக் கடப்பாரையைச் சுழற்றுவதும், பந்து வானத்தில் ஏறி, எந்தப் பக்கம் இறங்கலாம் என்று யோசித்து, இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவில் சரியாக விழுவதும் பட்டன. “விட்டுட்டானே!” என்றார் மச்சினர். அது யார் குரல் என்று திரும்பிப் பார்த்தார். அவருடையதுதான்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். மூன்றாவது ஓவரில் உறைக்குள்ளிருந்து “இன்னும் எவ்வளவு வேணும்?” என்று கேட்டார். நாலாவது ஓவர் வெளிச்சத்தில், சலூன்காரர் கடலை தின்ற எண்ணெய்க் கையை ‘அறுவை சிகிச்சை’ மேலேயே துடைப்பது அவருக்கு அரையடி தூரத்தில் நடந்தது. ஒரு நூல் கறையை ஒரு காத தூரத்தில் கண்டுபிடிக்கிற மனிதர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு மறுபடி மைதானத்தைப் பார்த்தார்.

கடைசி ஓவர். “மூடு!” என்றார் கடலைக்காரர்.

உறைக்குள் சங்கு பட்ட பாட்டைச் சங்குதான் அறிவார். எத்தனையோ வருஷக் கூச்சல் தொண்டையில் வரிசைகட்டி நின்று ‘என்னை விடு, என்னை விடு’ என்று நெருக்கியது. மூக்கு நுனியில் அரித்தது. அவர் சொறியவில்லை. சுவர் சொறிந்துகொள்ளுமா? வாழ்நாளில் பார்த்த ஆட்டங்களிலேயே பெரிய ஆட்டம் கூப்பிடு தூரத்தில் நடக்கிறது. கண்ணுக்கு முன்னால் ஒரு தலையணை உறை. கத்தவும் கூடாது. இதைவிடப் பெரிய தவத்தை எந்த ரசிகன் செய்திருக்கிறான்? நடுவில் ஒரு பந்து மச்சினருக்குப் பக்கத்துப் படியில் படாரென்று மோதித் திரும்பியது. சுவர் அசையவில்லை.

கடைசிப் பந்து. இரண்டு ரன் வேண்டும்.

“எக்ஸ்பிரஸ் திரும்பிட்டாரு” என்றார் கடலைக்காரர். இந்த நாலு ஓவரில் அவரும் ஆளே மாறியிருந்தார். “ஓடி வராரு... வராரு... ஐயோ, கிட்ட வந்துட்டாரு...”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

சங்குக்குப் பக்கத்தில் ஏதோ சரசரத்தது. மச்சினர் உறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றார். வெள்ளைச் சுவரின் நட்ட நடுவில், கறுகறுவென்று ஒரு தலை.

பரிசோதகர் கையை உயர்த்திக்கொண்டு துள்ளி விலகினார். எக்ஸ்பிரஸால் நிற்க முடியவில்லை. பந்து கையைவிட்டுப் போய்விட்டது. போன பந்து நடு ஸ்டம்ப்பை வேரோடு பிடுங்க, கம்பம் மூன்று குட்டிக்கரணம் போட்டு விக்கெட் கீப்பரைத் தாண்டி விழுந்தது. அப்படி ஒரு பந்தை எந்த மட்டையும் தடுத்திருக்காது. வங்கி அணி கட்டிப்பிடித்துக் குதித்தது.

நடுவர் மட்டும் இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக வீசிக்கொண்டிருந்தார். “டெட் பால்! பந்து விடறதுக்கு முன்னாடியே அவர் விலகிட்டாரு. திரும்பப் போடுங்க.”

வங்கி அணித் தலைவர் ஓடிவந்தார். “என்ன சார் அநியாயம்! யாரோ ஒருத்தன் கேலரில எந்திரிச்சதுக்கு...”

“அவர் யாரோ ஒருத்தர் இல்ல சார். அவர் சைட் ஸ்கிரீன். இடைவேளையில நீங்களும்தானே பார்த்து ஒத்துக்கிட்டீங்க? சைட் ஸ்கிரீன் எந்திரிச்சு நின்னா பந்து செல்லாது.”

சங்கு மச்சினரின் கோட்டு வாலைப் பிடித்து உட்கார வைத்து, உறையைத் தலையில் கவிழ்த்து, தன் இரண்டு கையாலும் அதைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுபடி காலடிச் சத்தம். மறுபடி ஓட்டம். மட்டையில் ஒரு டொக். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கடலைக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார், ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சுவர் இருட்டில் காத்திருந்தது. ஜெயித்தோமா, தோற்றோமா? ஒருவரும் உறையைத் தூக்கவில்லை.

அப்புறம் மைதானம் வெடித்தது.

சங்கு உறையைக் கழற்றியபோது பரிசோதகர் இரண்டாவது ரன்னை முடித்து மண்ணோடு மண்ணாகக் கிடந்தார். டயர் மெக்கானிக் அவர்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். வெற்றி ரன்னைச் சுவரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. சங்கு வாயைத் திறந்தார். அடக்கிவைத்த அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. வெளியே நின்ற கார்கள் எல்லாம் ஒன்றாக அலற ஆரம்பித்தன.

கடையில் விளக்குப் போட்டிருந்தது. மறுபடி துவைக்க வேண்டிய கோட்டுகள் மேஜைமேல் குன்றாகக் கிடந்தன. அக்கா ஒவ்வொரு பையாக உதறினாள். கடலைத் தோல் கொட்டிக்கொண்டே இருந்தது.

சங்கு நடந்ததைச் சொல்லி முடித்திருந்தார். அவர் சொன்னதில் சுவரில் நானூறு பேர் இருந்தார்கள். காற்று ஒரு பஸ்ஸைத் தூக்கியது. எக்ஸ்பிரஸ் அவர் காலில் விழுந்து கும்பிட்டார்.

“போதும்” என்றாள் அக்கா. “தலையணை உறையை மாட்டிக்கிட்டு மேட்ச் பார்த்தீங்களாக்கும்! வாயில வர்றதெல்லாம் பேச்சா? நான் என் தம்பிகிட்ட கேட்டுக்கிறேன். டேய், நீ அங்கதானே போய் இவரைக் கூட்டிட்டு வந்தே? இவர் போனதால அங்க ஏதாவது மாறுச்சா?”

மச்சினர் ஒரு கோட்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். ஒத்துக்கொண்டால் சீஃப் டாக்டர் கோட்டும் அம்பலத்துக்கு வரும், மைதானமே திட்டியதும் வரும். ‘எனக்கென்ன தெரியும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அக்கா நம்பிவிடுவாள், ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். சங்கு அவரைப் பார்த்தார். கெஞ்சவில்லை, கண் ஜாடை காட்டவில்லை. அன்றைக்கு இரண்டாவது முறையாக அவர் வாயை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“காத்துல திரை விழுந்துச்சு, அது வாஸ்தவம்” என்று ஆரம்பித்தார் மச்சினர்.

“அதைக் கேக்கல.”

“நானூறு பேர் இல்லக்கா. நாப்பது சொச்சம்.”

“அப்ப உட்கார்ந்தது நிஜமா?”

“நிஜம். இவர் கோட்டைக் குடுத்துச் சுவரு கட்டலைன்னா ஆட்டம் அங்கயே நின்னிருக்கும். கோப்பை வங்கிக்குப் போயிருக்கும். நடந்துச்சுக்கா. எல்லாம் நடந்துச்சு.” கோட்டை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “ஆனா ஜெயிச்சுக் குடுத்தது மாமா இல்ல. கடைசிப் பந்துல எந்திரிச்சு நின்னது நான்தான்.”

“நீயா? உனக்குத்தான் அந்தக் கண்றாவியே ஆகாதே. நீ எதுக்குடா எந்திரிச்சே?”

“என்ன ஆகுதுன்னு பார்க்காம இருக்க முடியலக்கா.”